பத்து நிமிடம் பிடித்துவைத்த பக்கம்

அறுபது வயது ஆணுக்கு ஆஸ்பத்திரி பிரசவ தேதி குறித்துக் கொடுத்துவிட்டதாம்.

இந்தச் செய்தி எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்ந்தது. முடிவெட்டும் கடையில், கன்னம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்த ஓர் எலெக்ட்ரீஷியன் சொன்னார். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னது மேல்மாடிக்காரர். மேல்மாடிக்காரருக்குப் பித்தப்பையில் கல். அடுத்த வாரம் அறுவை. அதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியின் இணையதளத்தைத் திறந்தாராம். மேலே அவர் பெயர் சரியாகவே இருந்ததாம். கீழே, "உங்கள் பிரசவ தேதிக்கு முந்தைய நாள்வரை இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரலாம்" என்று போட்டிருந்ததாம்.

கடையே குலுங்கிச் சிரித்தது. கத்தியைப் பிடித்திருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தளத்தைக் கட்டிக் காப்பது அவர் மனைவி. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று வாசலுக்கு வந்து அவளுக்குப் போன் செய்தார். அப்போது காலை ஒன்பதே முக்கால்.

ஹேர் டிரையர் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அவருடையது. அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த மேசையில் இருந்த எனக்கும் முழுக்கக் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன், பதறாதே."

"இப்படி ஆரம்பிச்சா பதறாம என்ன பண்றது? சொல்லுங்க."

"முதல்ல உட்காரு."

"உட்கார்ந்துதாங்க சம்பளம் வாங்கறேன். சொல்லுங்க."

அவர் சொன்னார். கடைசியில், "அது திங்கட்கிழமையா, அதுக்கு முன்னாடியா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நுரையோடு இருந்தவரிடம் கேட்டுவிட்டு வந்து, "நேத்து சாயங்காலம்னு சொல்றார். சும்மா கதையா இருக்கும், விடு" என்றார்.

அவள் விடவில்லை. எதையும் விடுகிற ஆள் அவள் இல்லை.

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு மூணுதரம் என்று பெயர். கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவு ஆட்கள் வைத்தது. சாயங்காலம் அலுவலகக் கதவைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், படி இறங்குவாள், திரும்பி ஏறி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தானாம். அடுப்பு, குழாய், மகள் வேறு ஊருக்குப் படிக்கக் கிளம்பிய அன்று ரயில் டிக்கெட், எல்லாமே மூன்று தரம். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறப்ப மட்டும் ஒரே ஒரு தரம்தான் பார்த்தா. அதுல ஏமாந்ததுலதான் இந்தப் பழக்கம்" என்று அவள் கணவர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அவளும் மறுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இது இருபத்து மூன்றாவது வருடம். முதல் பதினான்கு வருடம் ஃபைல் அறையில். தள்ளுவண்டியில் நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி, டாக்டர்களின் அறைக்கு அறை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஃபைல்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது, "யாருக்கு இந்த வேலையைக் கத்துக்க விருப்பம்?" என்று நிர்வாகம் ஒரு தாளை ஒட்டியது. அந்த அறையிலிருந்து கையெழுத்துப் போட்டது இவள் ஒருத்திதான். மகளுடைய பழைய நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் படித்து, இணையதளங்களைக் கட்ட உதவும் ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை அடியிலிருந்து கற்றுக்கொண்டாள். இன்றைக்கு இந்தத் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் அவள் கைப்பட எழுதியது. அதில் வருகிற வாக்கியங்களை இரண்டு மொழியில் எழுதித் தருவது என் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் மேலே பொறுப்பாளர் ஒருவர். அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் எப்போதும் "ஸ்பீடு" என்பதால் அவர் ஸ்பீடு சார்.

போனை வைத்தவள் நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'அறுவைக்கு முன்' என்பது அதன் பெயர். அவளுக்கு அந்தத் தளத்தில் திருத்துபவர் லாகின் உண்டு. அதிலிருந்து எந்த நோயாளியின் பார்வையிலும் பக்கத்தைப் பார்க்கலாம். சோதனைக்காக நாங்களே பொய்யாகப் பதிந்து வைத்த நோயாளிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். முதல் ஆளாகப் பார்த்தாள். சரியாக இருந்தது. இரண்டாவது ஆள், சரி. மூன்றாவது ஆள், அதுவும் சரி. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"திங்கட்கிழமை மாத்தினப்பவும் இதேதான் பார்த்தேன். இதே மூணு பேரு. இதே மாதிரி" என்றாள், என்னிடமா திரையிடமா என்று தெரியாமல்.

"அப்ப கதைதான்க்கா. அந்த மச்சான் கொஞ்சம் காது மூக்கு வச்சிருப்பார்" என்றேன். எனக்கு அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவள் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. திரையின் வலது மூலையில், அவளுடைய பெயருக்குப் பக்கத்தில், 'திருத்துபவர்' என்று சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உங்க போனைக் கொடுங்க."

இரண்டு போனிலும் ஆஸ்பத்திரி வைஃபையை நிறுத்திவிட்டு, என் போனில் ஒரு நோயாளியாக நுழைந்தாள். தன் போனில் இன்னொரு நோயாளியாக. வெளியே இருந்து வருகிறவர்கள் நுழைகிற அதே வாசல். போனுக்கு வருகிற எண்ணைப் போட்டு உள்ளே போவது. முதலில் தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். சர்க்கரை நோய்க்காரரின் பட்டியல் வந்தது. அது சரி. உடனே என் போனில் திறந்தாள்.

மேலே இரண்டாவது சோதனை நோயாளியின் பெயர். கீழே சர்க்கரை மாத்திரை. அந்த நோயாளிக்குச் சர்க்கரையே கிடையாது. நாங்கள் அவருக்குக் கொடுத்திருந்தது ரத்த அழுத்தம்.

அவள் இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முகத்தில் வேர்வை வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு பக்கத்தை யாராவது கேட்கும்போதெல்லாம் தளம் அதைப் புதிதாகச் செய்து தருவதற்கு நேரம் பிடிக்கும். அதனால் ஒரு தரம் செய்ததை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவர்களுக்கு அந்த நகலையே நீட்டும். அந்த நகல் சேமிப்புக்குத்தான் கேஷ் என்று பெயர். எதை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதற்கு அந்த ஃபிரேம்வொர்க்கில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தளம் முழுவதற்கும், அதன் அமைப்புகளை எழுதி வைக்கிற கான்ஃபிக் ஃபைலில் ஒரு பேச்சு: எல்லாப் பக்கமும் ஒரு மணி நேரம். தளத்துக்குள் ஒரு பிரிவு தனக்கென்று வேறு சொன்னால், அந்தப் பிரிவுக்குள் அதுதான் செல்லும். நோயாளிகள் பிரிவு சொன்னது: எதையும் பிடித்து வைக்காதே. ஆனால் ஒரு பக்கம் தன் தலையிலேயே தனியாக ஒன்று எழுதிக்கொண்டால், அது பிரிவையும் மீறும். யார் பக்கத்துக்கு மிக அருகில் இருந்து சொல்கிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் எடுபடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் 'அறுவைக்கு முன்' பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே விஷயம்தான் இருந்தது. குளித்துவிட்டு வாருங்கள், நகை வேண்டாம், இரவு பத்துக்கு மேல் சாப்பிடாதீர்கள், கூட ஒருவரை அழைத்து வாருங்கள். திங்கட்கிழமை காலையில் ஊரே அதைத் திறக்கும். திறக்க ஏழு விநாடி ஆகும். ஸ்பீடு சார் தலையைப் பிய்த்துக்கொண்டார். அப்போது அவள் அந்தப் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி எழுதினாள்: பிரிவு என்ன சொன்னாலும் சரி, இந்தப் பக்கத்தை மட்டும் பத்து நிமிடம் பிடித்து வை. அன்றைக்கு அது நியாயமான வரி. பக்கம் பறந்தது. ஸ்பீடு சார் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம் அறுவைப் பிரிவிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. அந்தப் பக்கத்தின் அடியிலேயே ஒவ்வொருவரும் எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் வரட்டும். ஜனங்கள் கேட்டுக் கேட்டு நர்ஸ்களின் போன் ஓய்வதில்லை. அவள் செய்தாள். திங்கட்கிழமை மதியம் அது தளத்தில் ஏறியது. தலையில் இருந்த பழைய வரி அப்படியே இருந்தது. பெயர் மட்டும் வேறு வழியாக, பார்க்கிறவரின் போனிலேயே கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும்; அதனால் பெயர் எப்போதும் சரி. பெயருக்குக் கீழே இருந்தது, பத்து நிமிடத்துக்குள் முதலில் திறந்த யாரோ ஒருவருடைய மாத்திரை.

அவள் சோதித்தபோது ஏன் தெரியவில்லை என்றால், திருத்துபவருக்கு அந்த ஃபிரேம்வொர்க் நகலைக் காட்டுவதே இல்லை. திருத்தியது உடனே தெரிய வேண்டும் என்பதால் அவருக்கு எப்போதும் புதிதாகவே செய்து தரும். அவள் மூன்று தரம் பார்த்தாள். ஆறு தரம் பார்த்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வரியை அழித்தாள். கேஷ் முழுவதையும் காலி செய்தாள். இரண்டு போனிலும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தாள். அவரவருக்கு அவரவர் பட்டியல். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஸ்பீடு சாரின் அறைக்குப் போனோம். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு சார்."

"அப்புறம் ஏன்மா மூஞ்சி இப்படி இருக்கு?"

"பக்கம் சரியாயிடுச்சு சார். படிச்சுட்டுப் போனவங்க?"

அவர் நாற்காலியில் முன்னால் வந்து உட்கார்ந்தார். "எத்தனை பேரு?"

"எண்ணல சார். திங்கள் மத்தியானத்துலேருந்து இன்னிக்குப் பத்து மணி வரைக்கும்."

"அந்தப் பத்து நிமிஷ வரி நான் சொல்லித்தானே போட்ட? அப்படியே எழுது. நான் சொன்னேன்னு எழுது."

"நீங்க சொன்னப்ப அது சரிதான் சார். திங்கட்கிழமை தப்பு பண்ணது நான்."

"அதை அப்புறம் பங்கு பிரிச்சுக்கலாம். மேலிடத்துக்கு முதல்ல ஒரு லெட்டர் போட்டுட்டு, அப்புறம் ஒவ்வொருத்தருக்கா..."

"லெட்டர் எழுதி முடிக்கிறதுக்குள்ள மத்தியான மாத்திரை வேளை வந்துடும் சார்."

ஸ்பீடு சார் அவளை ஒரு விநாடி பார்த்தார். பிறகு போனை எடுத்து அறுவை வார்டின் பெரிய சிஸ்டரை அழைத்தார். "ஸ்பீடா வாங்க" என்றார்.

பெரிய சிஸ்டர் வருவதற்குள் அவள் தளத்தின் லாக் பதிவைத் திறந்துவிட்டாள். யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், அவர்களுக்குப் போனது புதிதா நகலா என்று தளம் தானாகவே எழுதி வைக்கிற பதிவு அது. 'நகல்' என்று இருக்கிற ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதற்கு முன்னால் வந்த 'புதிது' யாருடையது என்று பார்த்து, கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். இவர் பார்த்தது அவருடையது. அவர் பார்த்தது இவருடையது. நான் வரிகளைப் படிக்க, அவள் எழுதினாள். அவள் எழுத்து எப்போதும் அச்சடித்த மாதிரி இருக்கும். அன்றைக்கு மலை ஏறி இறங்கியது.

நாற்பத்து மூன்று பேர்.

பெரிய சிஸ்டர் படியேறி வந்த மூச்சோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குப் புரியற மாதிரி ஒரு வரியில சொல்லு."

"ஒருத்தருக்கு எழுதின சீட்டை, பத்து நிமிஷத்துக்கு வர்றவங்களுக்கெல்லாம் பேரை மட்டும் மாத்திக் கொடுத்திருக்கோம் சிஸ்டர்."

"அடக் கடவுளே." பட்டியலை வாங்கினார். பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே போனார். "இவருக்கு மாத்திரையே கிடையாது, இவர் பார்த்ததும் மாத்திரை இல்லாத சீட்டு. பரவாயில்ல. இந்தம்மாவுக்கு வைட்டமின். பரவாயில்ல. இது... இதைக் கூப்பிடணும்." முடிவில் ஒன்பது பெயருக்கு வட்டம் போட்டிருந்தார்.

எங்கள் அறையிலேயே உட்கார்ந்து அழைக்க ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் போட்டார், அவள் ஒவ்வொருவர் சொன்னதையும் நேரத்தோடு எழுதிக்கொண்டாள்.

முதலில் எடுத்தது ஒரு பெண்மணி. "என் மாத்திரை எனக்குத் தெரியாதா? உங்க கம்ப்யூட்டர் நிறுத்துன்னா நான் நிறுத்திடுவேனா? என் வீட்டுக்காரர் சொல்லியே நான் எதையும் நிறுத்தினதில்ல."

"நல்ல காலம்மா, நீங்க யார் பேச்சையும் கேக்காத ஆளு" என்றார் சிஸ்டர்.

இரண்டாமவர் இரண்டு வேளை சர்க்கரை மாத்திரையை விட்டிருந்தார். உடனே ரத்தம் சோதித்துப் பார்க்கச் சொல்லி, திரும்ப அழைப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் பக்கத்தைத் திறந்ததோடு சரி, படிக்கவே இல்லை. நான்காவது, பித்தப்பைக்காரர். எலெக்ட்ரீஷியனின் மச்சானுக்கு மேல்மாடி.

"சிஸ்டர், தேதியெல்லாம் சரியாப் போட்டிருந்தீங்க. ஆணா பெண்ணான்னு போடலையே."

சிஸ்டர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ஐயா, நேத்தே எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள், ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்து.

"பார்த்தாலே தெரிஞ்சுதேம்மா, ஏதோ கோளாறுன்னு. எனக்குப் போய் யாரு பிரசவம் பார்ப்பா?"

பார்த்தாலே தெரிந்தது, அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசி முடித்த பிறகும் அவள் மீதி இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் தெரியாத மாதிரி இருந்த சீட்டு எது என்று தேடுகிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

பதினொன்றே காலுக்குள் எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். ஒன்பதாமவர் கிடைக்கவில்லை.

எழுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற நில அளவையாளர். தனியாக இருக்கிறார். வரும் திங்கட்கிழமை குடலிறக்க அறுவை. இதயத்தில் உலோக வால்வு வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. சிஸ்டர் அந்தப் பெயரில் பேனாவை வைத்தபடியே திரையில் அவருடைய குறிப்பைத் திறந்தார்.

"இவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவர். இவருக்கு எழுதியிருந்தது, 'நாங்கள் அழைக்கும்வரை நிறுத்தாதீர்கள்'. இவருக்கு நிறுத்தணும்னா ஊசி போட்டுட்டுத்தான் நிறுத்தணும். இவர் பார்த்தது யாரோடது?"

அவள் கோட்டைத் தொடர்ந்து விரலை நகர்த்தினாள். அவருக்கு நான்கு நிமிடம் முன்னால் திறந்தவரும் அதே மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்கு வால்வு கிடையாது. அவருடைய சீட்டு சொன்னது: இந்த மாத்திரையை இன்று முதல் நிறுத்திவிடுங்கள்.

திங்கட்கிழமை மாலை நான்கு இருபது. இப்போது வியாழன்.

"மூணு வேளை போயிருக்கும்" என்றார் சிஸ்டர். குரல் தணிந்துவிட்டது. "இன்னிக்கு ராத்திரியும் விட்டா நாலு. வால்வுல ரத்தக்கட்டி பிடிச்சா மூளைக்குப் போகும்."

"அதுக்கப்புறம் இன்னொரு தரம் திறந்திருக்கலாம்" என்றாள் அவள். "மறுநாள் திறந்திருந்தா வேற பட்டியல் வந்திருக்கும். வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்." லாக்கில் அவருடைய எண்ணைப் போட்டுத் தேடினாள்.

அந்த எண்ணில் இரண்டே வரிதான் இருந்தது. நான்கு இருபதுக்குப் பக்கம். நான்கு இருபத்தொன்றுக்கு அதே பக்கத்தின் அச்சு வடிவம்.

"பிரிண்ட் எடுத்துட்டார்" என்றாள்.

எல்லா நகலையும் அவள் காலையிலேயே அழித்திருந்தாள். இந்த ஒன்று ஒரு வீட்டில், ஏதோ ஒரு மேசையிலோ குளிர்பெட்டிக் கதவிலோ, அவருடைய பெயரோடு இருக்கிறது. அதில் இருக்கிற வாக்கியம் என்னுடையது. அறுவைப் பிரிவு எழுதித் தந்தது நீளமாக, சுற்றி வளைத்து இருந்தது. வயதானவர்கள் குழம்பக் கூடாது என்று நான்தான் இரண்டு மொழியிலும் அதைச் சுருக்கினேன். 'இன்று முதல் நிறுத்திவிடுங்கள்.' நன்றாக வந்திருக்கிறது என்று அவள்கூடச் சொன்னாள்.

சிஸ்டர் கைபேசிக்கு இரண்டு தரம் அழைத்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. வீட்டுத் தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. அவசரத்துக்குக் கொடுத்திருந்த எண் ஒரு தங்கையுடையது. தங்கை எடுத்தார். அவர் இருப்பது ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில்.

"அண்ணன் ஏதாவது எண் வர வேண்டியிருந்தாத்தான் மொபைலை ஆன் பண்ணுவார் சிஸ்டர், மத்த நேரம் அணைச்சேதான் வச்சிருப்பார். வீட்டு போன்தான். அதுவும் தோட்டத்துல இருந்தா காதுல விழாது. ஏன், என்ன ஆச்சு?"

"அவர்கிட்ட ஒரு மாத்திரை விஷயமாப் பேசணும். உங்ககிட்ட கடைசியா எப்பப் பேசினார்?"

"ஞாயித்துக்கிழமை. நான்தான் சொன்னேன், டாக்டர் சொல்றதை அப்படியே கேளுண்ணா, உன் இஷ்டத்துக்குப் பண்ணாதேன்னு."

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். பக்கத்து வீட்டார் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பக்கத்து வீடு ஆறு மாதமாகக் காலி. தானும் அண்ணனுக்கு அடித்துக்கொண்டே இருப்பதாகத் தங்கை சொன்னபோது, "வேண்டாம்மா, லைனை ஃப்ரீயா விட்டு வைங்க, நாங்க அடிக்கிறோம்" என்றார்.

வீடுகளுக்குப் போகிற நர்ஸ் ஒருவர் அப்போதுதான் காரில் கிளம்பியிருந்தார். அவருக்கு முகவரி போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம். சாலை வேலை நடக்கிறது. முக்கால் மணி நேரமாவது ஆகும். ஸ்பீடு சார் வாயைத் திறந்தார், அந்தச் சொல்லைச் சொல்லாமலேயே மூடிக்கொண்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஆம்புலன்ஸ் பிரிவோடு பேச ஆரம்பித்தார். பூட்டிய வீட்டுக்கு வண்டி அனுப்ப என்ன காரணம் என்று அவர்கள் கேட்பதும், இவர் முதலிலிருந்து விளக்குவதும் கேட்டது. நகல் என்றார், பத்து நிமிடம் என்றார், பெயர் சரி, பட்டியல் தப்பு என்றார். மறுமுனையில் அவர்களுக்குப் பாதிகூடப் புரிந்த மாதிரி இல்லை.

அறுவை அறையிலிருந்து சிஸ்டருக்கு அழைப்பு வந்தது. எழுந்தார். வீட்டு எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவள் முன்னால் வைத்தார்.

"நாங்கதான் பேசணும்னு விதி. ஆனா நீயே அடி. எடுத்தா, 'ஐயா, லைன்லயே இருங்க'ன்னு மட்டும் சொல்லி எனக்கு மாத்திவிடு. வேற எதுவும் சொல்லிப் பயமுறுத்தாதே."

"சரி சிஸ்டர்."

"தண்ணி குடி முதல்ல."

அவள் குடிக்கவில்லை. அடித்தாள். நீளமாக அடித்து, தானாக நின்றது. மறுபடி அடித்தாள்.

அவளுடைய கைபேசி மேசையில் அதிர்ந்தது. கணவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன்.

"என்ன தம்பி, கதைதானே? நான் சொன்னேன்ல?"

"இல்லண்ணா. நிஜம்தான். அக்கா இன்னொரு போன்ல இருக்காங்க."

ஹேர் டிரையர் சத்தம் நின்றது. "யாராவது..." என்று ஆரம்பித்து, "சரி. கடையைச் சாத்திட்டு வரட்டுமா?" என்றார்.

அந்த வீட்டு முகவரியைச் சொன்னேன். அவருடைய கடையிலிருந்தும் பாலம் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் அவரிடம் இருப்பது ஸ்கூட்டர், கார் நிற்கிற இடத்தில் அது நுழைந்துவிடும். "கதவைத் தட்டி, மாத்திரையைப் பத்தி ஒண்ணும் சொல்லாம, வீட்டு போனை எடுக்கச் சொன்னாப் போதும்ணா." அவர் நாற்காலியில் இருந்தவரிடம், "பாதியில விடறேன்னு கோவிச்சுக்காதீங்க, சார்" என்று சொன்னது கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

அவளிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்ததில் காது மடல் சிவந்திருந்தது. இன்னொரு கையின் விரல் அந்த எண்ணின் கடைசி இலக்கத்தின்மேல் இருந்தது, நின்றால் உடனே மறுபடி அடிப்பதற்குத் தயாராக.

"தோட்டத்துல இருப்பார்" என்றாள். "இல்லேன்னா குளிச்சுட்டு இருப்பார். வயசானவர், எழுந்து வர நேரம் ஆகும்."

"ஆமாக்கா."

"சீக்கிரம் வச்சுடக் கூடாது. வந்து எடுக்கறதுக்குள்ள நின்னுட்டா பாவம்."

ஜன்னல் பக்கத்தில் ஸ்பீடு சார் முகவரியை மூன்றாவது முறையாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். கீழே சலவை இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி வருவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்தையும் கொடுத்தபடி இருந்தாள். ரிசீவருக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.